தலைமைக்கு எல்லை: சுதந்திராக் கட்சியும் செவ்வியல் தாராளவாதமும் (1959 – 1974)

முன்னுரை

விடுதலை பெற்ற இந்தியாவின் அரசியல் வரலாறு பெரும்பாலும் தலைவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. நேரு காலம், இந்திரா காலம் என்று காலத்தையே தலைவரின் பெயரால் பகுக்கும் வழக்கம் பாடநூல்கள் வரை வேரூன்றியுள்ளது. ஒரு தலைவர் எத்தகையவர் என்னும் வினா இவ்வகை வரலாறுகளில் முதலிடம் பெறுகிறது. எவருடைய ஒப்புதலும் இன்றி அவரால் எவ்வளவு செய்ய முடிந்தது என்னும் வினா பின்னுக்குத் தள்ளப்படுகிறது. இந்த இரண்டாம் வினாவையே அரசியலின் தலையாய வினாவாகக் கொள்வது செவ்வியல் தாராளவாதம். இந்தியத் தேசிய அரசியலில் இக்கோட்பாட்டை ஒரு கட்சியின் கொள்கையாக அறிவித்துத் தேர்தல் களம் கண்ட அமைப்பு சுதந்திராக் கட்சியாகும். தேசிய அரசியல் பற்றியும் அரசியல் தலைமை பற்றியும் அக்கட்சி கொண்டிருந்த பார்வையையும், அப்பார்வைக்கும் அக்கட்சியின் நடைமுறைக்கும் இடையே நிலவிய முரண்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

தாராளவாதம்: பொருள் வரையறை

தாராளவாதம் என்னும் சொல் இன்று பல பொருள்களில் வழங்குகிறது. 1990களுக்குப் பின் தமிழ் இதழ்களில் அது பெரும்பாலும் சந்தைப் பொருளாதாரத்தைக் குறிக்கவே ஆளப்படுகிறது. செவ்வியல் தாராளவாதம் இதனினும் விரிந்தது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஜான் லாக்கும், 1776இல் ஆடம் சுமித்தும், 1859இல் ஜான் ஸ்டூவர்ட் மில்லும் வெளியிட்ட நூல்களின் வழி வளர்ந்த இக்கோட்பாட்டின் அடிப்படைகள் நான்கு எனலாம்: அரசின் அதிகாரம் எல்லைக்குட்பட்டது, ஆள்பவரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர், தனிமனிதரின் பேச்சு, நம்பிக்கை, உடைமை ஆகியன அரசின் கொடைகள் அல்ல, ஆட்சியாளர் குருதி சிந்தாமல் மாற்றத்தக்கவராக இருத்தல் வேண்டும்.

ஆள்வோரைக் கட்டுப்படுத்தும் எண்ணம் தமிழ் மரபுக்குப் புதிதன்று. செவி கசக்கும் சொல்லையும் பொறுக்கும் பண்பை வள்ளுவர் வேந்தனிடம் எதிர்பார்க்கிறார். இடித்துரைப்பாரைத் துணையாகக் கொள்ளாத மன்னன் பகைவர் இன்றியும் கெடுவான் என்கிறார். பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் பாடிய புறநானூற்றுப் பாடல், யானை புக்க வயலை உவமையாக்கி வரிவிதிப்பின் அளவை உணர்த்துகிறது. ஆயினும் ஒரு வேறுபாடு நோக்கத்தக்கது. சான்றோரின் அறிவுரை மன்னனின் பண்பை நம்பி நிற்கிறது. அவன் செவி சாய்க்காவிடில் புலவரால் செய்யத்தக்கது ஏதுமில்லை. செவ்வியல் தாராளவாதமோ நல்ல தலைவரையும் நம்பி இருக்க மறுத்து, அரசியலமைப்பு, நீதிமன்றம், எதிர்க்கட்சி, இதழியல் ஆகிய நிறுவனங்களின் மீது தன் நம்பிக்கையை வைக்கிறது.

இக்கோட்பாட்டுக்குள்ளேயே ஒரு கறையும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலராக 1823 முதல் 1858 வரை பணியாற்றிய மில், தாம் போற்றிய உரிமைகளுக்கு இந்திய மக்கள் இன்னும் தகுதி பெறவில்லை எனக் கருதினார். இந்தியத் தாராளவாதிகளின் முதல் பணி, மில்லின் தருக்கத்தை மில்லின் நாட்டுக்கு எதிராகவே திருப்புவதாக அமைந்தது.

மிதவாத மரபு

1892இல் பிரித்தானியப் பொதுமக்களவைக்கு லிபரல் கட்சியின் சார்பில் தேர்ந்தெடுக்கப்பட்ட தாதாபாய் நௌரோஜி, பிரித்தானிய அரசு தன் சொந்த நெறிகளுக்கு மாறாக இந்தியாவை ஆள்கிறது என்பதையே தம் வாதத்தின் அச்சாகக் கொண்டார். ரானடேயும், 1905இல் பூனாவில் இந்திய ஊழியர் சங்கத்தைத் தோற்றுவித்த கோபால கிருஷ்ண கோகலேயும் இம்மரபை வளர்த்தனர். கோகலேயின் மறைவுக்குப் பின் அச்சங்கத்தின் தலைமையை 1915இல் ஏற்றவர் வலங்கைமானில் பிறந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார். 1919இல் ரௌலட் மசோதாவை எதிர்த்துப் பேரரசுச் சட்டமன்றத்தில் அவர் நிகழ்த்திய உரை தாராளவாத வாதமுறைக்குச் சிறந்த சான்றாகும். விசாரணையின்றிச் சிறைப்படுத்தும் அதிகாரம் குற்றவாளியை மட்டுமன்றிக் குற்றமற்றவரையும் அச்சுறுத்தும் என்பது அவர் வாதத்தின் உள்ளீடு. அவரே 1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் விளங்கினார்.

1918இல் காங்கிரசிலிருந்து பிரிந்த மிதவாதிகள் இந்தியத் தேசிய லிபரல் கூட்டமைப்பை நிறுவினர். சாஸ்திரியார், பி.எஸ். சிவசாமி ஐயர், தேஜ் பகதூர் சாப்ரு, சி.ஒய். சிந்தாமணி முதலியோர் இதன் தூண்கள். சட்ட அறிவும் நேர்மையும் நிறைந்திருந்த இக்கூட்டமைப்பிடம் மக்கள் திரள் இல்லை. காந்தியடிகளின் தலைமையில் வெகுமக்கள் அரசியல் எழுந்தபோது மிதவாதிகள் மேடையின் ஓரத்துக்குச் சென்றனர். சரியான வாதம் மட்டுமே அரசியலில் வெற்றி தராது என்னும் இப்பாடம் நாற்பது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் தேவைப்பட்டது.

வீரவழிபாடு குறித்த இரு எச்சரிக்கைகள்

தலைமை வழிபாட்டின் கேடுகளை உணர்ந்தோர் மிதவாதிகள் மட்டுமல்லர். 1937 நவம்பரில் கல்கத்தாவின் மாடர்ன் ரிவ்யூ இதழில் சாணக்கியன் என்னும் புனைபெயரில் ஒரு கட்டுரை வெளிவந்தது. மக்களின் பேரன்பும் தன் ஆற்றலில் பெருநம்பிக்கையும் வாய்ந்த ஜவகர்லால் நேரு, சற்றே திசை மாறினால் சர்வாதிகாரியாகக் கூடும் என அது எச்சரித்தது. அதை எழுதியவர் நேருவே என்பது பின்னர்த் தெரியவந்தது.

இரண்டாவது எச்சரிக்கை அம்பேத்கருடையது. 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் ஆற்றிய உரையில் அவர் மில்லின் பெயரைச் சுட்டி, எத்துணைப் பெரிய மனிதராயினும் அவர் காலடியில் தம் உரிமைகளை மக்கள் ஒப்படைத்தல் ஆகாது என்றார். சமயத்தில் பக்தி விடுதலைக்கு வழியாகலாம். அரசியலில் அது வீழ்ச்சிக்கும் சர்வாதிகாரத்துக்கும் வழியாகும் என்பது அவர் கருத்து. முதல் எச்சரிக்கை ஒரு தலைவரின் மனச்சான்றிலிருந்து எழுந்தது. இரண்டாவது, மக்களை நோக்கி எழுந்தது. இவ்விரண்டையும் ஒரு கட்சியின் திட்டமாக மாற்றும் முயற்சி 1959இல் நிகழ்ந்தது.

சுதந்திராக் கட்சியின் தோற்றம்

1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரசு, கூட்டுப் பண்ணை முறையை நாட்டின் வேளாண்மைக்குரிய இலக்காக அறிவித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. உழவர் தம் நிலத்தின் மீதுள்ள உரிமையை இழக்க நேரும் என்ற அச்சம் இதனால் பரவியது. அவ்வாண்டு ஜூன் மாதம் சென்னையில் புதிய கட்சி அறிவிக்கப்பட்டு, ஆகஸ்டில் பம்பாயில் அதன் தொடக்க மாநாடு நடைபெற்றது. உழவர் இயக்கத் தலைவரான ஆந்திரத்தின் என்.ஜி. ரங்கா தலைவராகவும், மினு மசானி பொதுச்செயலாளராகவும் பொறுப்பேற்றனர். 1934இல் காங்கிரசு சோசலிஸ்டுக் கட்சியைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவராக இருந்த மசானி, சோவியத்து நாட்டின் போக்கைக் கண்டு மனம் மாறியவர். கே.எம். முன்ஷி, வி.பி. மேனன் முதலியோரும் இணைந்தனர். கட்சியின் உயிராக விளங்கியவர் அப்போது எண்பது வயதைக் கடந்திருந்த இராசாசி.

இருபத்தொரு கோட்பாடுகளை வெளியிட்ட அக்கட்சியின் கடைசிக் கோட்பாடு தனிக் கவனத்துக்குரியது. கட்சியின் அடிப்படைக் கோட்பாடுகளுக்குள் அடங்காத எப்பொருளிலும் உறுப்பினர் தம் மனச்சான்றின்படி பேசவும் வாக்களிக்கவும் உரிமை பெற்றிருந்தனர். கட்சிக் கட்டுப்பாட்டையே வலிமையாகக் கருதும் இந்திய அரசியலில் இஃது அரியதொரு விதியாகும். தலைமைக்கு எல்லை வகுக்க விழைந்த கட்சி, அவ்வெல்லையைத் தன் வீட்டிலிருந்தே தொடங்கியது எனலாம்.

தேசிய அரசியல் பற்றிய கணிப்பு

சுதந்திராக் கட்சியின் கணிப்பில் நாட்டின் முதன்மைச் சிக்கல் ஒரு கட்சி ஆதிக்கம். 1957இல் காங்கிரசு 47.8 விழுக்காடு வாக்குகளுடன் மக்களவையின் 494 இடங்களில் 371 இடங்களையும், 1962இல் 44.7 விழுக்காடு வாக்குகளுடன் 361 இடங்களையும் பெற்றது. பாதிக்கும் குறைவான வாக்குகள் ஏறத்தாழ முக்கால் பங்கு இடங்களாக மாறின. அரசியலமைப்பைத் திருத்தும் ஆற்றல் இவ்வாறு ஒரே கட்சியிடம் குவிந்தது. வலிமை வாய்ந்த எதிர்க்கட்சி இல்லாத மக்களாட்சி முழுமையற்றது என இராசாசி சுவராஜ்யா இதழிலும் கல்கி இதழிலும் இடைவிடாது எழுதினார்.

இவ்வாதிக்கத்தின் பொருளாதார வடிவமே அவர் சாடிய ‘பர்மிட் - லைசென்சு - கோட்டா இராஜ்யம்’. தொழில் தொடங்க உரிமம், மூலப்பொருள் பெற அனுமதி, இறக்குமதிக்கு ஒதுக்கீடு என்னும் ஏற்பாட்டைப் பொருளாதாரத் தவறாக மட்டும் அவர் காணவில்லை. உரிமம் வழங்கும் அமைச்சரிடம் தொழில் முனைவோர் அடிபணிகின்றனர். அவர்தம் நன்கொடை ஆளும் கட்சிக்குச் செல்கிறது. அதனால் தேர்தல் களமே சமநிலை இழக்கிறது என்பது அவர் வாதம். பொருளாதாரக் கட்டுப்பாடு அரசியல் தலைமையை அசைக்க முடியாததாக்குகிறது என்னும் இந்த இணைப்பே சுதந்திராக் கட்சியின் சிந்தனையில் ஆழமான பகுதி.

மூன்றாவது கவலை அரசியலமைப்புத் திருத்தங்கள் பற்றியது. 1951இன் முதல் திருத்தம் பேச்சுரிமையின் மீது புதிய வரம்புகளை விதித்ததுடன், ஒன்பதாம் அட்டவணையையும் உருவாக்கியது. 1964இன் பதினேழாம் திருத்தம் இரயத்துவாரி நிலங்களையும் எஸ்டேட்டு என்னும் வரையறைக்குள் கொணர்ந்து, 44 சட்டங்களை அவ்வட்டவணையில் சேர்த்தது. உச்சவரம்புக்குட்பட்டு உழவர் தாமே பயிரிடும் நிலத்தைச் சந்தை மதிப்புக்குக் குறையாத இழப்பீடின்றி எடுக்கலாகாது என்னும் பாதுகாப்பும் அத்திருத்தத்திலேயே இடம்பெற்றது. எனினும் நீதிமன்றத்தின் ஆய்வுக்கு அப்பாற்பட்ட சட்டம் என்னும் கருத்தையே கட்சி ஏற்கவில்லை. ரங்கா இதனைச் சிறு உழவரின் உரிமைப் போராட்டமாக முன்வைத்தார்.

நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சியின் பணி

1962 தேர்தலில் 18 இடங்களையும், 1967இல் 44 இடங்களையும் பெற்ற சுதந்திராக் கட்சி, இரண்டாம் தேர்தலுக்குப் பின் மக்களவையின் மிகப் பெரிய எதிர்க்கட்சியாயிற்று. 1963 ஆகஸ்டில் ஆச்சாரிய கிருபளானி கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானமே மக்களவை கண்ட முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானம். ஆதரவாக 62 வாக்குகளும் எதிராக 347 வாக்குகளும் பதிவாயின. அவ்வாண்டு இடைத்தேர்தலில் இராஜ்கோட்டில் வென்றிருந்த மசானி இவ்விவாதத்தில் பங்கேற்றார். தோல்வி உறுதி எனத் தெரிந்தும் விவாதம் நிகழ்ந்தது. பிரதமர் அவையில் அமர்ந்து மறுமொழி கூற வேண்டிய நிலையை உருவாக்குவதே அதன் பயன்.

1967இல் பொதுக்கணக்குக் குழுவின் தலைவராக மசானி பொறுப்பேற்றார். எதிர்க்கட்சியைச் சார்ந்த ஒருவர் அப்பொறுப்பை ஏற்றது அதுவே முதன்முறை. அரசு செலவிட்ட பணத்தின் கணக்கை எதிர்க்கட்சி உறுப்பினரின் தலைமையில் ஆராயும் மரபு அன்று தொடங்கி இன்றளவும் நிலவுகிறது. தனிமனிதப் பண்பை நம்பாமல் நிறுவனத்தை நம்பும் தாராளவாத நெறியின் செயல்வடிவம் இதுவேயாகும்.

கோட்பாடும் நடைமுறையும்: நான்கு முரண்கள்

சுதந்திராக் கட்சியைப் போற்றுவோர் கடந்து செல்லும் சில உண்மைகளை ஆய்வு நோக்கில் எதிர்கொள்ளுதல் வேண்டும்.

முதலாவது, கட்சியின் வாக்கு வலிமை. கோட்பாட்டில் தலைமை வழிபாட்டை மறுத்த கட்சி, களத்தில் பழைய அரச குடும்பங்களின் செல்வாக்கை நம்பியது. 1962இல் ஜெய்ப்பூரின் காயத்திரி தேவி பதிவான வாக்குகளில் முக்கால் பங்குக்கு மேல் பெற்று வென்றார். ஒரிசாவில் அரசர்கள் முன்னின்ற கணதந்திர பரிஷத் இக்கட்சியுடன் இணைந்தது. 1967இல் அங்குக் கூட்டணி அரசின் முதலமைச்சரான ஆர்.என். சிங் தேவ் முன்னாள் சமஸ்தான மன்னர். அவ்வாக்குகளில் பெரும்பகுதி எல்லைக்குட்பட்ட அரசு என்னும் கொள்கைக்கு அளிக்கப்பட்டது எனக் கொள்ள இயலாது. மரபுவழி விசுவாசத்துக்கு அளிக்கப்பட்டது எனக் கொள்வதே பொருந்தும்.

இரண்டாவது, இராசாசியின் முந்தைய ஆட்சி. 1938இல் சென்னை மாகாணப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிய அவரது அரசு, அதனை எதிர்த்தோர் மீது குற்றவியல் திருத்தச் சட்டத்தை ஏவியது. பெரியார் சிறையிலடைக்கப்பட்டார், 1939இல் நடராசனும் தாளமுத்துவும் சிறைத்தண்டனைக் காலத்தில் உயிர்நீத்தனர். 1951இல் மத்திய உள்துறை அமைச்சராக இருந்தபோது இதழ்களைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை நிறைவேற்றியவரும் அவரே. 1952இல் பொதுத்தேர்தலில் நில்லாமல் ஆளுநரின் நியமனத்தால் மேலவை உறுப்பினராகி முதலமைச்சரானார். அவ்வாட்சியில் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியது தாராளவாதச் செயல். 1953இன் தொடக்கக் கல்வித் திட்டமோ குலக்கல்வி என எதிர்க்கப்பட்டு, 1954இல் அவர் பதவி விலகிய பின் கைவிடப்பட்டது. 1937இல் சேலத்தில் அவர் தொடங்கிய மதுவிலக்கையும், அதற்கு நிகரான கொள்கையை மில் தம் நூலில் கண்டித்ததையும் ஒப்பிட்டால், இராசாசியின் தாராளவாதம் மில்லிடமிருந்து வந்ததன்று என்பது தெளிவாகும். அறக் கட்டுப்பாட்டை ஏற்று அரசுக் கட்டுப்பாட்டை மறுக்கும் காந்திய மரபே அதன் ஊற்று எனலாம். அம்மரபிலும் மதுவிலக்கு ஒரு விதிவிலக்காகவே நின்றது.

மூன்றாவது, உரிமை யாருக்கு என்னும் வினா. அரசின் தலையீடு குறைந்தால் குடிமகன் விடுதலை பெறுவான் என்னும் கருத்து, அவனை ஒடுக்குவது அரசு மட்டுமே எனக் கொள்கிறது. சாதியும் நிலவுடைமையும் ஒடுக்கும் நாட்டில், நிலமற்ற கூலித் தொழிலாளிக்குச் சொத்துரிமை தரும் பாதுகாப்பு யாது? இவ்வினாவைத் திராவிட இயக்கமும் பொதுவுடைமை இயக்கமும் எழுப்பின. சிறு உழவரைப் பற்றிய ரங்காவின் விடை நிலமுடையோருக்குப் பொருந்தியது. நிலமற்றோருக்குக் கட்சியிடம் போதிய விடை இல்லை. தேர்தல் புள்ளிகள் உணர்த்தும் எல்லை இதுவே.

நான்காவது, கூட்டணி. 1967இல் தமிழகத்தில் தி.மு.கழகத்துடன் கூட்டணி கண்டு சட்டமன்றத்தில் 20 இடங்களைப் பெற்ற கட்சி, 1971இல் காமராசரின் பழைய காங்கிரசுடன் நின்றது. அகில இந்திய அளவில் அமைந்த பெருங்கூட்டணியின் முழக்கம் இந்திரா காந்தியை அகற்றுவது என்பதாகச் சுருங்கியது. அதற்கு எதிராக வறுமையை அகற்றுவோம் என்றார் இந்திரா காந்தி. தனிமனிதரைச் சுற்றிய அரசியலை மறுக்கத் தோன்றிய கட்சி, தனிமனிதர் ஒருவருக்கு எதிரான முழக்கத்தின் கீழ் நின்று 8 இடங்களாகக் குறைந்தது.

வீழ்ச்சியும் எச்சமும்

1972 டிசம்பர் 25 அன்று இராசாசி மறைந்தார். 1974இல் கட்சி சரண்சிங்கின் தலைமையிலான பாரதீய லோக தளத்தில் கலந்தது. கட்சி மறைந்த பின்னரே அதன் எச்சரிக்கை மெய்யாயிற்று. 1975இல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது; பிலு மோடி சிறைப்பட்டார். மசானி தம் இதழின் மீதான தணிக்கையை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் 1976இல் பம்பாய் உயர்நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அரசைக் குறைகூறுதல் குற்றமாகாது என்னும் நெறி, பேச்சு ஒடுங்கியிருந்த அவ்வாண்டில் ஒரு சிறிய இதழின் வழியாக நிலைநாட்டப்பட்டது.

வரலாற்றின் முரண்நகை பின்னர் வந்தது. சொத்துரிமையை அடிப்படை உரிமைகளின் பட்டியலிலிருந்து நீக்கிய 1978ஆம் ஆண்டின் 44ஆம் திருத்தத்தை நிறைவேற்றியது ஜனதா அரசு. அவ்வரசின் நிதியமைச்சர் எச்.எம். படேல் குஜராத்தில் சுதந்திராக் கட்சியின் முன்னணித் தலைவராக விளங்கியவர். அதே திருத்தம் நெருக்கடி நிலையை எளிதில் அறிவிக்க முடியாதவாறு தடைகளையும் விதித்தது. கட்சியின் ஒரு கவலை தீர்ந்த இடத்திலேயே மற்றொரு கவலை உண்மையாயிற்று. 1991 ஜூலையில் 18 தொழில்கள் நீங்கலாக ஏனையவற்றுக்குத் தொழில் உரிமமுறையை நீக்கியது காங்கிரசு அரசே.

பொருளாதாரத்தில் இவ்வாறு காலம் கடந்து ஏற்பு நிகழ்ந்தது. தலைமை குறித்த கருத்திலோ நாடு எதிர்த்திசையில் சென்றது. 1985இல் 52ஆம் திருத்தத்தின் வழி வந்த கட்சித்தாவல் தடைச்சட்டம், கட்சிக் கொறடாவின் ஆணைக்கு மாறாக வாக்களிக்கும் உறுப்பினரின் பதவியைப் பறிக்க வகை செய்கிறது. பதவி ஆசையால் அணி மாறுவோரைத் தடுக்க எழுந்த சட்டம், மனச்சான்றால் மாறுபடுவோரையும் அதே தட்டில் நிறுத்துகிறது. சுதந்திராக் கட்சியின் கடைசிக் கோட்பாடு உறுப்பினருக்கு அளித்த உரிமையைக் கட்சித் தலைமை விரும்பாவிடில் எவரும் இன்று பயன்படுத்த இயலாது.

மற்றொன்றும் உண்டு. 1989இல் நடைமுறைக்கு வந்த மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29அ பிரிவின்படி, பதிவு கோரும் கட்சி சோசலிசத்துக்குப் பற்றுறுதி கூற வேண்டும். அரசியலமைப்பின் முகப்புரையில் 1976இல் சேர்க்கப்பட்ட அச்சொல்லை 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் நிலைநிறுத்தியபோது, அது நலவாழ்வு அரசையே குறிக்கிறது, தனியார் தொழிலைத் தடுப்பதன்று என விளக்கியது. விளக்கம் தாராளமாயினும், சோசலிசத்தை மறுக்கவே தோன்றிய ஒரு கட்சி இன்று பதிவு பெற அதற்கே உறுதி கூற வேண்டியிருக்கும் என்பது மாறவில்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன புலனாகின்றன. சுதந்திராக் கட்சி தன் தோல்விகளால் மட்டும் மதிப்பிடத்தக்கதன்று. பொருளாதார அதிகாரமும் அரசியல் அதிகாரமும் ஓரிடத்தில் குவிந்தால் தலைமை கேள்விக்கு அப்பாற்பட்டதாகும் என்னும் அதன் கணிப்பு, நெருக்கடி நிலையின் அனுபவத்தால் வலுப்பெற்றது. எனினும் அக்கணிப்பைச் சொன்னவர்களின் வரலாறு தூயதன்று. தாம் ஆண்ட காலத்தில் வரம்பை மீறியவரே பின்னர் வரம்பின் தேவையை உணர்த்தினார். இது கோட்பாட்டைப் பொய்யாக்கவில்லை. நல்லவர் எனப் போற்றப்படுவோர்க்கும் எல்லை வேண்டும் என்னும் அதன் அடிப்படையையே உறுதி செய்கிறது.

மிதவாதிகளும் சுதந்திராக் கட்சியினரும் ஒரே இடத்தில் இடறினர். அரசின் கையைக் கட்டும் வாதத்தை, நிலமும் கல்வியும் மறுக்கப்பட்டோர் தமக்கான வாதமாக உணரும் வகையில் அவர்கள் எடுத்துரைக்கவில்லை. இவ்விடைவெளியை நிரப்பும் கூறுகள் அம்பேத்கரின் உரையில் உள்ளன. சமத்துவத்தையும் தலைமை வழிபாட்டின் மறுப்பையும் அவர் ஒரே மூச்சில் பேசினார். அவ்விரண்டையும் பிரித்து, ஒன்றை இடதுசாரிக்கும் மற்றொன்றை வலதுசாரிக்கும் பங்கிட்டது பிற்கால அரசியல். இந்தியத் தாராளவாத வரலாற்றை இனி ஆராய்வோர், சுதந்திராக் கட்சியின் இருபத்தொரு கோட்பாடுகளை அம்பேத்கரின் அவ்வுரையுடன் ஒப்பிட்டுப் பயிலின், தேசிய அரசியலில் தலைமையின் எல்லை பற்றிய புதிய தெளிவுகள் கிட்டும்.